மன்னிக்கும் உரிமை யாருக்கு?



தாம்பரத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இரு சகோதரர்கள், காலஞ்சென்ற பெற்றோரின் வீட்டுக்காக நெடுநாள் பகைத்திருந்தனர். ஜமாஅத்தில் பேசி ஆளுக்குப் பாதியென எழுதி, அஸர் தொழுகைக்குப் பின் இருவரையும் முஸாபஹா செய்ய வைத்தோம். துஆ ஓதியவன் அடியேன். மறுநாள் அவர்களுடைய தங்கை மகன் வந்தான். "ஹஜ்ரத், மாமாமார் ராஜியாகி விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் உம்மாவின் பங்கு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டான். எனக்கு நா எழவில்லை.

வீட்டுச் சமாதானத்தில் நேரும் இப்பிழை, நாடுகளின் சமாதானத்திலும் நேர்வதுண்டு.

1971 டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93 ஆயிரம் பேர் கைதிகளாயினர். 1972 ஜூலை 2ஆம் தேதியிட்ட சிம்லா ஒப்பந்தத்தில் பிரதமர் இந்திரா காந்தியும் ஜனாதிபதி புட்டோவும் ஒப்பமிட்டனர். பிணக்குகளைப் பேசியே தீர்ப்பதென்றும், சர்வதேச எல்லையில் படைகள் பின்வாங்குவதென்றும் முடிவாயிற்று. ஏறத்தாழ 5 ஆயிரம் சதுர மைல் நிலத்தை இந்தியா திருப்பித் தந்தது. வென்றவர் விட்டுக் கொடுப்பது இழிவன்று. மக்கா வெற்றி நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய கருணையை நாம் அறிவோம்.

ஆயினும் காஷ்மீர்ப் பிணக்கு தீரவில்லை. 1999இல் கார்கிலில் மீண்டும் போர் மூண்டது. அது தனியே பேச வேண்டியது. இங்கே நான் சுட்டுவது வேறொன்று: அதிகம் துன்புற்ற வங்காளதேசம் சிம்லா மேசையில் இல்லை. கைதிகளோ இந்திய, வங்காளதேசக் கூட்டுப் படையிடம் சரணடைந்தவர்கள். அவர்களை விடுவிப்பது சிம்லாவில் முடியவில்லை. 1974 பிப்ரவரியில் வங்காளதேசத்தைப் பாகிஸ்தான் அங்கீகரித்தது. ஏப்ரல் 9ஆம் நாள் டில்லியில் மூன்று நாடுகளும் ஒப்பமிட்டன. போர்க் குற்றம் சாட்டப்பட்ட 195 பேர் மீதும் விசாரணை வேண்டாமென வங்காளதேசம் கருணை காட்டிய பிறகே அக்கதை முடிந்தது.

நிலத்தைத் திருப்பித் தர வென்றவரால் முடியும். பிறர் சிந்திய கண்ணீரை மன்னிக்க அவரால் முடியாது. இதைத்தான் மார்க்கம் ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை என்கிறது. உயிரையே தந்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்பது நபிமொழியின் கருத்து. உரியவர் விட்டால்தான் உண்டு.

நான் அந்தச் சகோதரர்களிடம் சென்று, "என் துஆ அவசரப்பட்டு விட்டது, பத்திரத்தை மாற்றுங்கள்" என்றேன். மூத்தவர் முகம் சுளித்தார். இளையவர் எழுந்து போய்விட்டார். மூன்று ஜும்ஆக்கள் கழிந்தபின் மீண்டும் கூடினோம். இம்முறை திரைக்கு அப்பால் தங்கையும் இருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கென எழுதப்பட்டது.

சமாதானம் பேச அமரும் முன், இந்த மஜ்லிஸில் யார் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். வராதவரின் ஹக்கை மறவாத நெஞ்சை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.