ஆறு கெப்சியூல்கள்

பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். மகன் என் வகுப்பில் படிப்பவன். அவனுக்குத் தடிமனும் இருமலும். ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் அவளுக்கு ஒரு நாள் பேர் போய்விடும். அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த ஆறு அமொக்சிலின் கெப்சியூல்களைக் கொடுத்தனுப்பினேன். நான்காம் நாள் பையன் பாடசாலைக்கு வந்தான். எனக்கும் மனம் குளிர்ந்தது.

தடிமன் வைரசால் வருவது, அமொக்சிலின் பற்றீரியாவை மட்டுமே கொல்லும் என்பது விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்குத் தெரியாததல்ல. பையன் தானாகவே சுகமாகியிருப்பான். அந்த மருந்து செய்த வேலை வேறு. குடலில் நமக்கு உதவியாக வாழும் பற்றீரியாக்களில் பலவற்றைக் கொன்று, மருந்துக்கு மடியாத சிலவற்றுக்கு இடம் கொடுத்திருக்கும். அவை பெருகும். மடியாதிருக்கும் வித்தையை மரபணுத் துண்டாக அயல் பற்றீரியாவுக்கும் கைமாற்றும்.

கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1892இல் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன. அன்று துரைமாருக்கே கிட்டாத மருந்துகள் இன்று லயத்துப் பிள்ளைக்கும் கிடைக்கின்றன. அந்தப் பொதுச் சொத்தில்தான் நான் கைவைத்தேன்.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் தமது நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை நோவுக்கு ஒருவன் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் பாவிக்கிறான். மருந்துக்குப் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் பலிக்கவில்லை, இறக்கிறாள். அந்தச் சாவுக்குக் கணவனே பொறுப்பு என்றார் பிளெமிங். அந்தக் கணவனுக்காவது தன்னால் இறந்தவள் யாரென்று தெரியும். 2019இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். அவர்களை யார் கொன்றது? அடியானுக்கு இழைத்த தவறை அந்த அடியானிடமே மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்று மத்ரஸாவில் ஓதினோம். முகம் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது?

ஆனால் மறுப்பதும் எனக்கு இலேசாயில்லை. முகம் தெரியாத ஒருவருக்காக, முற்றத்தில் நிற்பவளின் ஒரு நாள் கூலியை நான் எப்படிப் பறிப்பது? மாதச் சம்பளக்காரன் சொல்லும் நியாயம் இது என்று அவள் நினைத்தால் அதில் பிழையுமில்லை.

போன மாதம் மீண்டும் வந்தாள். "சேர், போன தடவை குடுத்த குளிசை இருக்குங்களா?"

"இல்லை தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்றேன். திரீவீலுக்குக் காசு கொடுத்தேன். தயங்கி வாங்கிக்கொண்டாள். அலுமாரியில் நான்கு கெப்சியூல்கள் இருந்தன. அவள் போனது ஆஸ்பத்திரிக்கா, கடைத்தெருப் பாமசிக்கா என்று நான் விசாரிக்கவில்லை.