அடுத்த ஊருக்குப் போகும் கடல்

கல்லூரியில் என் அறைத்தோழன் திருவொற்றியூர்க்காரன். நான் சென்னைக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை மெரினாவுக்குக் கூட்டிப்போனான். சாலையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தால் தண்ணீர் வருவதாகவே இல்லை. சுண்டல் பொட்டலம் காலியாகிவிட்டது, இன்னும் மணல்தான். "எவ்ளோ பெரிய பீச்சுடா" என்றேன். அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி சொன்னான்: "எங்களுக்கு வர வேண்டிய மணல்டா இது."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய ஆயா குடியிருந்த தெருவைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னது வெறும் கோபம் இல்லை, அப்படியே உண்மையான தகவல் என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து கரையில் மோதும்போது மணலைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. வருடத்தில் ஏறத்தாழ எட்டு மாதம் தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். கரையை ஒட்டி ஓடும் ஒரு மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அதன் கல் சுவர்கள் அந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு அணையாகிவிட்டன. தெற்கே மணல் தேங்கியது. அங்கே 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். மணல் சேரச் சேரக் கடற்கரை அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. வருவது வராததால் இருப்பதை எடுத்துக்கொண்டு போனது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்று நீங்கள் பார்க்கும் கருங்கல் குவியல்கள் அந்தக் கணக்கின் மறுபக்கம்.

சென்னையில் நூறு வருடத்தில் நடந்தது புதுச்சேரியில் ஒரே தலைமுறைக்குள் நடந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் இரண்டு தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது தேவைப்பட்ட அளவுக்கு நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை மறைந்தது. கற்களைக் கொட்டி நகரத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் கற்கள்மேல் உட்கார்ந்துதான் நாம் வார இறுதியில் படம் எடுத்துக்கொள்கிறோம். கல் விழுந்த இடத்தில் அரிப்பு நின்று, கல் முடிந்த இடத்தில் ஆரம்பித்தது. அங்கேயும் கல் போட்டார்கள். இப்படியே அது மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

நாடு முழுக்க எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வு. இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிபடுகிறது, 26.9 சதவீதம் வளர்கிறது. எல்லோரும் முதல் எண்ணைத்தான் பேசுகிறோம். எனக்கு இரண்டாவது எண்ணிலும் கண் போகிறது. ஒரு கரை அரிபடுவதற்கான காரணம் பல இடங்களில் இன்னொரு கரை வளர்வதுதான்.

சில வருடம் முன்பு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். காலையில் கற்களை ஒட்டி நடந்துபோனபோது ஒரு பெரியவர் சாலையோரம் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"முன்னாடி இங்க கரைவலை இழுப்போம் தம்பி. இப்ப வலைய காயப்போடவே ரோட்டுக்கு வர வேண்டியிருக்கு."

அரைகுறையாகப் படித்துவைத்திருந்த தைரியத்தில் கேட்டேன்: "இங்க கல்லு போட்டா அரிப்பு அடுத்த ஊருக்குத்தானே ஐயா போகும்?"

"போவும். எங்களுக்கும் அப்படித்தான வந்துச்சு." கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "அடுத்த ஊர்லதான் பொண்ண குடுத்திருக்கேன். எனக்குத் தெரியாதா? ஆனா அலை வாசப்படில ஏறும்போது, கல்லு வேணாம்னு எப்படிச் சொல்றது? சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை, அன்று சொல்ல முடியாததைச் சொல்லிப் பார்க்கும் முயற்சி.

இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் கரையில் பாகம் என்றொரு இடம். அங்கே தாழ்வான நிலங்களைக் காக்கும் பொறுப்பில் இருந்த ஆணையர்கள் கடலில் தூண்டில் வளைவு போன்ற தடுப்புகளைப் போட்டார்கள். கடல் பக்கத்து நிலத்தில் இன்னும் வேகமாக மோதியது. அந்த நிலத்துக்காரர் நஷ்ட ஈடு கேட்டார். 1828இல் தலைமை நீதிபதி டென்டர்டன் பிரபு மறுத்துவிட்டார். கடல் எல்லோருக்கும் பொது எதிரி, அதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, அதனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதிப்பு வந்தாலும் சரி என்பது தீர்ப்பின் சாரம். பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி? அவரும் தன் நிலத்தைக் காத்துக்கொள்ளலாம்.

முதலில் படித்தபோது கோபம் வந்தது. பிறகு அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதும் அதே நியாயம்தானே? வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வாங்கிவிட்டா மூட்டை அடுக்குவோம்? என் தொழிலிலும் இது தினசரிக் காட்சி. நடு ராத்திரி சர்வர் திணறும்போது, வருகிற சுமையை வேறு டீமின் பக்கம் திருப்பிவிட்டு, "எங்க பக்கம் எல்லாம் ஓகே" என்று செய்தி போட்டிருக்கிறேன். நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன்.

ஆனாலும் பாகம் தீர்ப்பு ஒரு அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஆபத்து யாரும் செய்யாதது, கடல் தானாகப் பாய்கிறது, மனிதர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்கிற அனுமானம். அந்தப் பெரியவரின் வாசப்படியில் ஏறிய அலைக்கு அது பொருந்தாது. அதற்கு ஒரு கட்டுமானம் காரணம், ஒரு வரைபடம் காரணம், அதில் கையெழுத்துப் போட்டவர்கள் காரணம். கடலை எதிரி என்று சொல்லும்போது நாம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது ஒரு குப்பமும் அடுத்த குப்பமும். மாமனாரும் மருமகனும்.

இன்னொன்று, அறிவு. 1828இல் அடுத்த நிலத்துக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். இன்று கணினி மாதிரிகள் அதைச் சொல்கின்றன. தெரியாமல் செய்த பாதிப்பும், தெரிந்து அனுப்பிவைத்த பாதிப்பும் ஒன்றாக முடியாது.

1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இந்த இடத்தில் பாகம் தீர்ப்புக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அதன் 195ஆவது பிரிவு கடல் மாசைப் பற்றியது. மாசைத் தடுக்கும்போது நாடுகள் பாதிப்பையோ ஆபத்தையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவிடக் கூடாது என்கிறது. தூண்டில் வளைவுக்காக எழுதியது இல்லை. ஆனால் அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குக் கோட்டக்குப்பம்தான் கண்ணில் வந்தது. 2024 மே மாதம், சிறு தீவு நாடுகள் கேட்ட ஆலோசனைக்குப் பதிலாக, சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களும் கடல் மாசுதான். அப்படியென்றால் உயர்கிற கடல்மட்டத்தையும் இனிப் பொது எதிரி என்று சொல்லிவிட்டு நகர முடியாது. பணக்கார நாடுகள் தங்கள் கரைகளுக்குச் சுவர் கட்டிக்கொண்டு, புகையை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பது மிகப் பெரிய அளவில் நடக்கும் தூண்டில் வளைவு அரசியல். இங்கே வடக்கே இருக்கும் ஊருக்குத் தள்ளுகிறோம். அங்கே பிறக்காத தலைமுறைக்கும் சேர்த்துத் தள்ளுகிறார்கள்.

சரி, அந்தப் பெரியவருக்கு என்ன பதில்?

கல் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் கல் கேட்டது தவறும் இல்லை. ஆனால் தவறு இல்லை என்பதாலேயே கடன் இல்லை என்று ஆகிவிடாது. பசிக்கு அடுத்தவர் சோற்றை எடுத்துச் சாப்பிட்டவனை நாம் திருடன் என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் அடுத்தவர் பட்டினி கிடக்கிறார், அந்தச் சோற்றுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். கரை விஷயத்தில் அந்தக் கடன் கல் கேட்டவரிடமிருந்து தொடங்கவில்லை. முதல் சுவரைக் கட்டி லாபம் பார்த்தவரிடமிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு குப்பமும் தனக்குக் கிடைத்த பாதிப்பை அடுத்த குப்பத்திடம் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை, முதல் ஆளிடம் யாரும் போய்க் கேட்பதில்லை.

கேட்டு வாங்கிய இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960களில் சுவர்களை நீட்டினார்கள். தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பக்கம் மணல் தேங்கியது, வடக்கே குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் மெலிந்தன. நம் கரை போலவே வடக்கே ஓடும் மணல், நடுவில் மாநில எல்லை. இரண்டு மாநிலங்களும் சட்டம் போட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2001 முதல், தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து ஆற்றைத் தாண்டி வடக்கே அனுப்புகிறார்கள். நிறுத்த முடியாத வேலை, சுவர் இருக்கும்வரை செலவும் இருக்கும். கடன் என்றால் அப்படித்தான். புதுச்சேரித் திட்டத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். பொறியியல் நம்மிடம் இருந்தது. வடக்கே இருப்பவருக்கு வருடா வருடம் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம்தான் இல்லை.

கரையை ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாக, டெண்டர் டெண்டராக ஆள்வதை நிறுத்தி, மணல் ஓடும் தூரம் முழுவதையும் ஒரே அலகாகப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிர்வாக யோசனை மாதிரி தெரிந்தாலும், எனக்கு இது ஒழுக்கத்தைப் பற்றிய யோசனையாகப் படுகிறது. யாரை என் பக்கத்து வீட்டுக்காரர் என்று எண்ணுகிறேன் என்பதுதானே விஷயம்? மெரினாவில் மாலை நேரத்தைக் கழிக்கிற எனக்குத் திருவொற்றியூர் பக்கத்து வீடு என்று யாரும் சொல்லித்தந்ததில்லை.

போன மாதம் நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மணல் திட்டு, அதில் இரண்டு ஃபைபர் படகுகள், ஓடிப்பிடித்து விளையாடும் பசங்க. "பாத்தியா, எங்க ஊருக்கும் கொஞ்சம் மணல் வந்திருக்கு" என்று எழுதியிருந்தான்.

நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், கற்கள் முடிகிற இடத்துக்கு அப்பால், வடக்கே இன்னொரு குப்பத்தின் கூரைகள் தெரிந்தன. ஒரு ஹார்ட்டை மட்டும் போட்டுவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போனைக் கீழே வைத்தேன்.