குறி சொன்ன மூதாட்டியும் சந்தனப் பாத்திரமும்



சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பார்வையற்ற மூதாட்டி ஒருவர் வெள்ளிதோறும் குறி சொல்லி வந்தார். மகவைப் பறிகொடுத்த தாயொருத்தி அவர்முன் அமர்ந்தாள். மாண்ட குழந்தையின் குரலில் அவர் பேசினார். பல நாள் உறங்காதவள் அன்றிரவு உறங்கினாள். "இதில் தவறென்ன ஐயா?" என்று அவள் கணவர் வினவினார். ஆலைத் தறியோடு காலங்கழித்த எனக்கு உடனே விடை கூற நாவெழவில்லை.

இறந்தோரோடு பேசும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1848இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்கச் செய்த தட்டொலியிலிருந்து ஆவியுலகக் கொள்கை மேல்நாடெங்கும் பரவிற்று. அவர்களுள் மார்கரெட் அம்மையார், அது தம் கால்விரல் மூட்டின் ஒலியே என்று 1888இல் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதை மறுத்தார். இரண்டையும் சொல்லச் செய்தது வறுமையாகவும் இருக்கலாம்.

நமக்கு நெருங்கியது அடையாற்றுச் செய்தியாகும். 1874இல் ஆவிகளை ஆராயச் சென்ற இடத்திலேதான் கர்னல் ஆல்காட் பிளாவட்ஸ்கி அம்மையாரைக் கண்டார். 1880இல் இருவரும் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றனர். அடையாற்றில் மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றியது சூழ்ச்சியே என்று அங்கு இல்லப்பணி பார்த்த கூலோம் அம்மையார் கூற, 1884இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் அதனை வெளியிட்டது. லண்டன் ஆராய்ச்சிச் சங்கத்தின் ஹாட்ஜ்சன் 1885இல் மோசடி என்றே எழுதினார். 1986இல் அதே சங்கத்தின் இதழில் ஹாரிசன் அவ்வறிக்கையின் குறைகளை எடுத்துக் காட்டினார். வழக்கு எவ்வாறாயினும், பஞ்சமர்க்கு ஆல்காட் திறந்த பள்ளிகளும், 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு கொழும்பு சென்றதும் அக்கடிதங்களை நம்பி நிற்பவையல்ல.

இராசகிருகத்தில் வணிகனொருவன் உயரத்தில் கட்டிய சந்தனப் பாத்திரத்தைப் பிண்டோலர் வான்வழி எழும்பி எடுத்தார் என்று விநயம் கூறும். அது பொய்யென்று பகவன் கடிந்தாரில்லை. மெய்யாயினும் ஊரார்முன் காட்டத்தகாது என்றே கடிந்தார். பாத்திரத்தை உடைத்துத் தூளாக்கிப் பிக்குகளின் கண்மருந்தில் சேர்க்கச் செய்தார். கிசாகோதமிக்கும் மகனின் குரலை அவர் கேட்பிக்கவில்லை. சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கிவர அனுப்பினார். அவள் வாயில்தோறும் கேட்டது பிறர் அழுத கதையை.

இதனை அக்கணவரிடம் கூறினேன். "லயத்தில் எந்த வீட்டில் சாவில்லை?" என்றார். மூதாட்டியை விரட்டிவிடலாமா என்றும் கேட்டார். கண்ணில்லாதவர்க்கு வேறு பிழைப்புக் காட்டாமல் விரட்டுவது எங்ஙனம்?

அடுத்த வெள்ளியும் அத்தாய் சென்றாள். அதற்கடுத்த வெள்ளி, ஒன்றும் கேளாமல் கஞ்சி மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினாளாம்.