முதல் வரியில் இருப்பவன்

உங்கள் லேப்டாப் திடீரென்று மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஃபேன், மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரி இரைகிறது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரைக்கு வருகிறது. என்ன செய்வீர்கள்? சற்று விவரம் தெரிந்தவர் என்றால், 'யாருப்பா இந்த வேலையைச் செய்யறது?' என்று பட்டியலைத் திறந்து பார்ப்பீர்கள். விண்டோஸில் அதன் பெயர் டாஸ்க் மேனேஜர். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்.

இன்டெல் சிப் உள்ள மேக்காக இருந்தால், பட்டியலின் உச்சியில் பல சமயம் ஒரு பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்: கெர்னல் டாஸ்க். பக்கத்திலேயே 300, 400 சதவீதம் என்று ஒரு கணக்கு. (நூறைத் தாண்டுவது எப்படி என்று குழம்ப வேண்டாம். பிராசஸருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக நூறு போட்டுக் கூட்டிச் சொல்கிறார்கள்.) 'மாட்டினான் திருடன்!' என்று அதை நிறுத்தப் போவீர்கள். முடியாது. சிஸ்டமே அதை நிறுத்தவிடாது. கோபம் இரட்டிப்பாகும். உள்ளேயே இருந்துகொண்டு எல்லாவற்றையும் தின்கிறான், கேட்க ஆளில்லையே!

நிஜம் அப்படியே தலைகீழ். ஆப்பிள் நிறுவனமே இதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. கெர்னல் டாஸ்க்கின் வேலைகளில் ஒன்று, சிப் அளவுக்கு மீறிச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது. சூடு ஏறினால், பிராசஸரைப் போட்டுக் கசக்குகிற மற்ற புரோகிராம்களுக்கு அது கிடைக்காதபடி செய்கிறது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். துண்டு உட்காரவில்லை. இன்னொருவர் உட்காராமல் தடுக்கிறது. நாம் பார்ப்பதோ, 'இத்தனை சீட்டை இந்தத் துண்டே பிடிச்சிருக்கு' என்கிற கணக்கை மட்டும்.

சூட்டுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். மூடாமல் விட்ட முப்பது பிரவுசர் ஜன்னல்கள். ஃபேனில் அடைத்த தூசி. லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து, காற்று போகும் வழியை அடைத்தது. மேக் லேப்டாப்பை 10-லிருந்து 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் சென்னை 40-ஐத் தொடும்போது, ஏ.சி. இல்லாத அறையில் அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

விண்டோஸிலும் இப்படி ஓர் அப்பாவி உண்டு. சிஸ்டம் ஐடில் பிராசஸ். 95 சதவீதம் என்று காட்டும். பதறிப்போனவர்கள் பலர். அது, பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரை விடுங்கள். கஷ்டம் வரும்போது நாம் யாரைப் பிடிக்கிறோம்? பட்டியலில் முதல் வரியில் யார் தெரிகிறாரோ, அவரை.

ஆபீஸில் பில்லை நிறுத்தி வைக்கும் அக்கவுன்டன்ட்டை எல்லோரும் திட்டுவார்கள். 'அந்த மனுஷனாலதான் எல்லாம் லேட்.' கஜானாவில் காசில்லை என்பதும், அதைக் காலி செய்தது யார் என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்லவும் முடியாது.

இன்னொன்று. படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் மருமகள். ஞாயிற்றுக்கிழமை அரை டஜன் ஆப்பிளோடு வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள் படியிறங்கும்போது சொல்வார்கள்: 'அண்ணி ரொம்ப சிடுசிடுன்னு ஆயிட்டாங்க, இல்ல?' ஆயிட்டாங்கதான். அந்த வீட்டின் மொத்தச் சூட்டையும் தாங்குவது அவர்தான். பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் யாரும் பட்டியலிலேயே இல்லை. வேலையே செய்யாதவர்கள் எந்தப் பட்டியலிலும் மேலே வருவதில்லை.

சரி, அப்படியானால் தடுப்பவர்கள், முட்டுக்கட்டை போடுபவர்கள் எல்லோரும் உத்தமர்களா? இல்லை. மேக்கிலேயே, சூட்டை அளக்கும் சென்சர் பழுதானால், சில்லென்றிருக்கும் மெஷினிலும் கெர்னல் டாஸ்க் வேலையை முடக்கிப் போடும். இல்லாத ஆபத்துக்குக் காவல்! 'நாட்டுக்கு ஆபத்து' என்று சொல்லி 1975 ஜூன் 25-ம் தேதி கொண்டுவந்த எமர்ஜென்ஸி, 21 மாதம் நீடித்தது. சென்சர் சரியாக இருந்ததா என்ற கேள்விக்கு, 1977 தேர்தலில் ரேபரேலி மக்கள் இந்திரா காந்தியையே தோற்கடித்துப் பதில் சொன்னார்கள்.

காவலையும் அடக்குமுறையையும் எப்படிப் பிரித்தறிவது? நோக்கத்தை வைத்து முடியாது. எல்லோருமே 'உன் நல்லதுக்குத்தான்' என்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. சூட்டை இறக்கிப் பாருங்கள். நேர்மையான காவல், ஆபத்து போனதும் தானாகத் தளரும். சிப் குளிர்ந்ததும் கெர்னல் டாஸ்க் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். குளிர்ந்த பிறகும் எழவில்லை என்றால், அப்போது காவல்காரனைச் சந்தேகிக்கலாம். தவறே இல்லை.

நாம் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம். சூட்டை இறக்காமலேயே காவல்காரனை விரட்டுகிறோம். பழைய மேக்குகளில், கெர்னல் டாஸ்க் தலையிடாதபடி சிஸ்டத்துக்குள் ஒரு ஃபைலை அப்புறப்படுத்தும் வித்தையைச் சிலர் செய்துபார்த்தார்கள். வேகம் என்னவோ திரும்பியது. சூடு எங்கே போகும்? தீ அலாரம் காதைக் குடைகிறதே என்று ஒயரைப் பிடுங்கிய கதைதான்.

சோதனை செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. சூட்டை இறக்க, நாம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். முப்பது ஜன்னலில் இருபத்தைந்தை மூட வேண்டும். குறை சொல்வது இலவசம். இதற்குச் செலவாகும்.

அடுத்த ஞாயிறு ஆப்பிள் வாங்காமல் போனாலும் பரவாயில்லை. 'அண்ணி, ரெண்டு நாள் நாங்க பார்த்துக்கறோம். நீங்க போய்த் தூங்குங்க' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள், அவர் சிடுசிடு டைப்பா என்று.