பணிவிடையும் கற்க வேண்டியதே

கடைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் நாளே அவனைக் கல்லாவில் உட்கார வைப்போமா? மாட்டோம். எடை போடவும், சரக்கு அடுக்கவும், கணக்கு எழுதவும் பழக்கிய பிறகே பொறுப்பைக் கொடுக்கிறோம். ஆனால் புற்றுநோய் முற்றிய தாயாரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால், ஒன்றும் கற்றிராத மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலையில் கடை திறக்கப் போய்விடுகிறோம். பெண்களுக்கு இதெல்லாம் தெரியும் என்பது நம்மவர் நினைப்பு. யார் சொல்லிக் கொடுத்துத் தெரியும்?

பாசம் இருந்தால் போதாதா என்பார் சிலர். பாசம் வேண்டியதுதான். ஆயினும் பாசத்தாலேயே துன்பம் விளைவதையும் பார்க்கிறோம். அரை மயக்கத்தில் கிடப்பவருக்கு, "ஒரு வாயாவது குடியுங்கள் உம்மா" என்று கஞ்சியை ஊற்றுகிறோம். அது புரையேறி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆவது? இறுதி நாட்களில் உடல் உணவைத் தேடாது. அப்போது நனைத்த பஞ்சால் வாயை ஈரப்படுத்துவதே பணிவிடை. அசைத்தால் வலிக்குமே என்று அப்படியே கிடத்திவிடுகிறோம்; முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல், அடியில் மடித்து விரித்த துணியை இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தினால் நோயாளிக்கும் நோவு குறையும், தூக்குகிறவர் இடுப்பும் பிழைக்கும்.

மார்பின் மருந்தைப் பற்றித்தான் பெரிய பயம். பழகிவிடுமே என்று அஞ்சி, வலி பொறுக்க முடியாத வேளையில் மட்டும் கொடுக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமோ 1986-லேயே, கடிகாரப்படி கொடுக்க வேண்டும் என்று முறை வகுத்துவிட்டது. வாயால் உட்கொள்ளும் சாதாரண மார்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து கேட்டு வாங்க வேண்டும். கொடுத்த நேரத்தையும் இடையில் வந்த வலியையும் நோட்டில் குறிக்க வேண்டும். பேரேடு எழுதும் நமக்கு இது கஷ்டமா?

சம்பளத்துக்குப் பணிப்பெண் வைத்தால் தீர்ந்தது என்கிறார்கள். வைக்கட்டும், அவளுக்கும் ஒருவர் கற்றுத்தர வேண்டாமா? அன்றியும், நோயாளி தகப்பனாராக இருந்தால் விஷயம் வேறு. மருமகளிடமோ பணிப்பெண்ணிடமோ சொல்ல வெட்கப்பட்டு, மகன் கடை சாத்தி வரும்வரை அவர் நனைந்த துணியோடு கிடக்கிறார். மருந்துக்குப் பணம் கொடுத்ததால் மகனின் கடன் தீர்ந்ததென்று நம்மால் ஒப்ப முடியவில்லை. கழுவித் துடைத்து உடை மாற்ற ஆண்மக்களே கற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கற்றுத்தர ஆளில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியாவும், சிங்கப்பூரில் 1989-ல் தொடங்கிய எச்.சி.ஏ. ஹோஸ்பிஸும் கட்டணமின்றி வீடு தேடி வருகின்றன. குடும்பத்தாருக்கும் சொல்லித் தருகின்றன. தாதி வருகிற அன்று மகன் வீட்டில் இருக்கட்டும். கடை இரண்டு மணி நேரம் பிந்தித் திறந்தால், வந்த வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்.