உரையாடலின் அறம்

உரையாடலைக் கல்விமுறையாக உலகுக்கு அளித்த சோக்கிரட்டீஸ் நகரவாசி. ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே அவர் அரிதாகவே சென்றார் எனவும், மரங்களும் நாட்டுப்புறமும் தமக்கு எதனையும் கற்பிப்பதில்லை, நகரத்து மனிதரே கற்பிக்கின்றனர் என அவர் கூறினார் எனவும் பிளேட்டோ எழுதிவைத்தார். நாட்டுப்புறத்திலும் மனிதர் உளர் என்பது அப்பேரறிஞரின் கருத்தில் ஏறவில்லை போலும்!

அக்குறை இன்றும் நம்மிடையே உண்டு. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் உழவர் மக்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தன. 1970களில் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகளையும் உள்ளே அழைத்தது. அதனுடன் கூடிப் பிறந்த தரப்படுத்தலின் இன அநீதியை நாம் மறந்துவிடவில்லை. இன்று கொழும்பின் பிள்ளையும் வன்னியின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஆனால் ஒரே வாங்கில் அமர்வது வேறு, ஒருவரோடொருவர் பேசுவது வேறு. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பதன் பொருள் யாது? மொழி வெட்டுகிறது என்பதை வெட்டுப்பட்டவர்கள் அறிவார்கள் என்பதே.

இவ்வேற்றுமையை ஒழிக்கும் வழி எனப் பகிடிவதையை நியாயப்படுத்துவோர் உளர். செல்வர் பிள்ளையையும் வறியவர் பிள்ளையையும் ஒரே நிலைக்கு இறக்கிவிட்டால் சமத்துவம் பிறக்குமாம்! 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. எனினும் சட்டத்தினும் வலியதோர் மறுப்பு அறத்திடம் உண்டு. இழிவைப் பங்கிடுவது சமத்துவமன்று. அச்சத்தாற் குனிந்தவன் தோழனாவதில்லை; அடுத்த ஆண்டு தன் முறைக்காகக் காத்திருக்கின்றான்.

அவ்வாறாயின் ஆசிரியன் செய்யத்தக்கது யாது? வகுப்பில் ஒரு கேள்வியை வைக்கட்டும்: நெல்லின் விலை உயர வேண்டுமா, குறைய வேண்டுமா? மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கும் வீட்டிலிருந்து வந்தவன் குறைய வேண்டும் என்பான். பெரும்போக அறுவடையின்போது கடன்காரனுக்கு அஞ்சி நெல்லை விற்ற தந்தையின் மகள் உயர வேண்டும் என்பாள். இருவரும் பொய் கூறவில்லை. அவள் முதலிற் பேசட்டும். தன் வீட்டுத் தமிழிலேயே பேசட்டும். அவள் கூறியதைத் திருப்பிக் கூறி, அவள் அதனைச் சரியென ஏற்றபின்னரே அவன் மறுக்கட்டும். பின்னர் அவனுக்கும் அதே உரிமை உண்டு. களத்துவிலைக்கும் கடைவிலைக்கும் இடையே உள்ள தூரத்தை அவர்கள் சேர்ந்து அளக்கட்டும். அத்தூரத்தில் எவர் எவர் நிற்கின்றனர் என்று கேட்கும் கணத்தில், எதிரெதிரே நின்றவர்கள் ஒரே திசையில் நோக்கத் தொடங்குவர்.

பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறெயிரே வலியுறுத்தியதும் இதனையே. மாணவன் அறிவை நிரப்பும் வெற்றுப் பாத்திரமல்லன், ஆசிரியனும் கற்பவனே.

"பேச்சால் கிராமத்துக்கு ஆய்வுகூடம் வந்துவிடுமா?" என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நேர்மையானது. உரையாடல் நீதிக்குப் பதிலாகாது. பதிலாக வைக்கப்படின் அது ஏமாற்று. ஆனால் உரையாடலற்ற ஆட்சி என்ன செய்யும் என்பதை 2021இல் கண்டோம். இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மண்ணை அறிந்த கமக்காரர் எச்சரித்தனர், கேட்பார் இல்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை கைவிடப்பட்டது. ஆயினும் அடுத்த பெரும்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. வயலில் வீழ்ந்த அடி நகரத்தின் அடுப்பிலும் எதிரொலித்தது.

நாளை அத்தகைய ஆணைகளை எழுதும் மேசைகளில் அமரப்போகின்றவர்கள் இன்று நம் வகுப்பில் இருக்கின்றனர். அவர்களுள் கிராமத்துப் பிள்ளைகளும் உளர். பட்டம் பெற்று நகரத்தில் குடியேறி, நகரத்தின் செவிட்டுத்தன்மையையும் கற்றுக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. ஆகவே கேட்கும் பழக்கம் நாகரிகப் பயிற்சி மாத்திரமன்று. அது பிறருடைய வாழ்வின்மேல் அதிகாரம் பெறப்போகின்றவனின் முதற் கடமை. அதனைக் கற்பிக்காத ஆசிரியன் பாடத்திட்டம் முழுவதையும் முடித்திருப்பினும், தன் கடமையை முடித்தவனாகான்.