நிதானம் யாருடைய குணம்?

கையில் பலம் இருக்கும்போது அதை அடக்கி வைத்துக்கொள்வது குணமா, அல்லது பலமிருந்தும் அதன் பயனை அறியாத பேதைமையா? இந்தக் கேள்வி மிகப் பழையது. பணம் படைத்தவனையும், பதவி படைத்தவனையும், நாவன்மை படைத்தவனையும் நோக்கி எக்காலத்திலும் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. இப்பொழுது அதே கேள்வி நமது வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார்க் காரையும் நோக்கிக் கேட்கப்படுகிறது. வியாபாரப் பெருமக்கள் சற்றே செவி சாய்க்க வேண்டுகிறோம். நமக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. கடையில் நின்று கற்றதை வைத்தே பேசுகிறோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

சிங்கப்பூரில் மின்சார வண்டிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. 2030-ம் ஆண்டிலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய்மையான எரிசக்தியில் ஓடுவனவாக இருக்கவேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். 2024-ல் இத்தீவில் விற்பனையான மின்சாரக் கார்களில் மிகுதியானவை பிஒய்டி என்னும் சீனத்துக் கம்பெனியின் கார்களே. ஆகவே இன்றில்லாவிட்டாலும் நாளை நம்மில் பெரும்பாலோர் இவ்வகை வண்டியில் அமரப்போகிறோம். அமருமுன் அதன் சுபாவத்தை அறிந்துகொள்வது நன்று அன்றோ?

பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் முழுப் பலம் உடனே வருவதில்லை. எஞ்சின் சுழன்று வேகம் பிடிக்கவேண்டும், கியர் மாறவேண்டும், அதன் பிறகே இழுவை. மின்சார மோட்டாருக்கோ நின்ற இடத்திலேயே முழு முறுக்கு விசையும் உண்டு. மிதித்த மறுகணம் வண்டி பாயும். நமது கடையின் பழைய டீசல் வேனை மிதித்தால் முதலில் முனகும், பிறகு புகை விடும், பிறகுதான் நகரும். நாம் நினைப்பதற்கும் அது செய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. நமக்குப் பொறுமை இல்லாத நாட்களிலும் வண்டிக்குப் பொறுமை இருந்தது. புதிய வண்டியில் அந்த இடைவெளி இல்லை. நமது அவசரம் அப்படியே சக்கரத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4 விநாடியில் எட்டும் மின்சாரக் கார்கள் இன்று கடைத்தெருவில் சாதாரணமாக ஓடுகின்றன. அவ்வேகம் சீராக ஏறுவதாக வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவரின் முதுகை அவருடைய எடையில் பத்தில் ஏழு பங்கு விசை அழுத்துகிறது. அதே வேகத்தை எட்ட 10 விநாடி எடுத்துக்கொண்டால் பத்தில் மூன்று பங்கும் வராது. முதல் ஒரு விநாடியில் முன்னதாகச் சொன்ன வண்டி மூன்றரை மீட்டர் பாய்கிறது. பின்னது ஒன்றரை மீட்டரும் நகர்வதில்லை. இந்த இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் ஒரு மனிதர் நிற்கலாம் என்பதை மறவாதீர்கள்.

இதை உணர்ந்தே வண்டி செய்வோர் ‘மெல்லப் புறப்படும் முறை’ ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி அதை ‘ஈக்கோ’ என்கிறது. மற்றொன்று வேறு பெயர் சொல்கிறது. திரையில் தொட்டோ, குமிழைத் திருப்பியோ மாற்றிக்கொள்ளலாம். அம்முறையில் அதே அளவு காலை அழுத்தினாலும் மோட்டார் குறைவான விசையையே கொடுக்கும். சில வண்டிகளில் அடிவரை மிதித்தால் முழுப் பலமும் வரும். சிலவற்றில் உச்ச பலமே குறைந்துவிடும். அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனியின் வரலாறு இங்கே வேடிக்கையானது. 2014-ல் அது தன் வேகமான முறைக்கு ‘இன்சேன்’, அதாவது பைத்தியம் என்று பெயரிட்டது. 2015-ல் ‘லூடிக்ரஸ்’, அதாவது நகைப்புக்கிடமானது என்று இன்னும் வேகமான ஒன்றைக் கொண்டுவந்தது. 2017-ல்தான் ‘சில்’ என்ற அமைதி முறையைச் சேர்த்தது. முதலில் பைத்தியத்தை விற்று, மூன்று ஆண்டு கழித்து அமைதியை விற்றார்கள்! வியாபாரத்தில் இது நமக்கும் புதிதல்லவே.

இனி நமது வீட்டில் நடந்ததைக் கூறுவோம். நமது தங்கை மகன் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். நல்ல உழைப்பாளி, சொந்தச் சம்பாத்தியம். நமது உம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக அவரே வந்தார். சிராங்கூன் சாலையில் பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்தார். பின்சீட்டில் இருந்த உம்மாவின் தலை பின்னே சாய்ந்து மோதியது. மடியிலிருந்த மருந்துப் பை கீழே சிதறியது. உம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, “நல்ல வண்டி வாப்பா. ஆனா என்னை ஏத்தியிருக்கிறதை அது மறந்துபோச்சு” என்றார்கள். இரண்டு நாள் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் மருமகனைக் கூப்பிட்டு அமைதி முறையில் ஓட்டும்படி சொன்னோம். அவர் மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்டார். “மாமா, உம்மாவுக்கு நோகும்படி ஓட்டினது என் தப்புதான். இனிமேல் பார்த்து ஓட்டுவேன். ஆனால் வண்டியைக் கட்டிப்போட்டுவிட்டு மெதுவாகப் போனால் அது என் நிதானமா, வண்டியின் நிதானமா? பூட்டிய பெட்டியில் திருடாதவனை யோக்கியன் என்று சொல்வீர்களா?”

நாம் வாயடைத்துப் போனோம். கேள்வி அற்பமானதன்று. நல்ல செயலுக்கு மதிப்பு வருவது, வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்ற நிலையில்தான். கை கட்டப்பட்டவன் அடிக்கவில்லை என்பதால் அவனைச் சாந்தசீலன் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் மருமகன் சொல்வது சரிதானே? காலில் நிதானம் இருந்தால் போதும், வண்டியில் எதற்கு?

இதற்கு விடை நமக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. நமது கடையின் பின்சந்தில் கிடைத்தது. டீசல் வேன் ஒர்க்ஷாப்பில் கிடந்த ஒருநாள் மருமகனின் காரை இரவல் வாங்கினோம். அவருக்குப் புத்தி சொன்ன நாம், வண்டி எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது வேக முறையிலேயே இருந்தது. மலாய் மொழியில் வண்டியை விரட்டுவதை ‘எண்ணெயை அழுத்துதல்’ என்பார்கள். இந்த வண்டியில் அழுத்துவதற்கு எண்ணெயே இல்லை. நமது காலில் மட்டும் டீசல் வேனின் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்திலேயே மிதித்தோம். சுவரோரம் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளில் போய் மோதியது. மூன்று மூட்டைகள் கிழிந்தன. சற்று முன்வரை அதே மூட்டைகளின் முன் நின்று கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடைப் பையன் பில் புத்தகம் எடுக்க உள்ளே போயிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்து, சிந்திக் கிடந்த அரிசியைப் பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். அந்தப் பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்லவேண்டும். “வண்டி தானாகப் பாய்ந்துவிட்டது” என்றே எல்லாரிடமும் முதலில் சொன்னோம். அன்றிரவு படுத்த பிறகுதான் மனம் குத்தியது. வண்டி தானாகப் பாயவில்லை. நாம் சொன்னதைத்தான் செய்தது. மறுநாள் மருமகனிடமும் கடைப் பையனிடமும் உண்மையைச் சொன்னோம்.

அதன் பிறகு மருமகனின் கேள்வி நமக்கு வேறு விதமாகத் தெரிந்தது. அவர் நிதானத்தைக் கால் மிதிக்கும் நேரத்தில் தேடினார். அந்த நேரத்தில் மனிதன் அவசரத்திலோ, கோபத்திலோ, பழக்கத்திலோ இருக்கிறான். அப்பொழுது குணம் வேலை செய்யும் என்று எப்படி உறுதி கூறுவது? வியாபாரத்தில் நாம் என்ன செய்கிறோம்? இன்னாருக்கு இவ்வளவுக்கு மேல் கடன் இல்லை என்று காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது, புத்தகத்தில் எழுதி வைக்கிறோம். மாலையில் பழகிய முகம் வந்து நிற்கும்போது அந்தப் புத்தகம் நமக்காகப் பேசுகிறது. அப்படி எழுதி வைத்த வியாபாரியை நிதானமில்லாதவர் என்று சொல்வோமா? அவரையல்லவா நிதானமானவர் என்கிறோம்!

கைகளைப் பிறர் கட்டினால் அது சிறை. தன் பலவீனத்தை அறிந்தவன் தானே கட்டிக்கொண்டால் அது குணம். பூட்டிய பெட்டியைப் பற்றி மருமகன் சொன்னாரே, பெட்டியைப் பூட்டியவன் யார் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அமைதி முறையைத் தொட்ட விரல் அவருடைய விரலாக இருந்தால், அந்த நிதானமும் அவருடையதே.

மற்றொரு நியாயமும் உண்டு. மிதிப்பவர் கையில் சக்கரம் இருக்கிறது; எப்பொழுது பாயும் என்பது அவருக்குத் தெரியும்; உடம்பு தயாராகிவிடுகிறது. பின்சீட்டில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. ஐந்தடிப் பாதையிலிருந்து தெருவில் இறங்குபவருக்கோ எஞ்சின் சத்தம்கூட எச்சரிக்கையாக வருவதில்லை. நமது குணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு அவர்களுடைய கழுத்தையும் காலையும் பணயம் வைக்க நமக்கு உரிமை ஏது?

‘விரைவுச்சாலையில் சேரும்போது பலம் வேண்டாமா?’ என்பார் சிலர். வேண்டும். ஆனால் அமைதி முறையில் உள்ள மின்சாரக் காரும் நமது பழைய வேனைக் காட்டிலும் சுறுசுறுப்பாகவே புறப்படுகிறது. அந்த வேனில் இத்தனை ஆண்டுகள் விரைவுச்சாலையில் சேர்ந்துதானே வந்தோம்! உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் முறையை மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை. மேலும், அமைதி முறை வைத்துவிட்டோம் என்று கண்ணயர்ந்துவிடவும் கூடாது. அது புறப்பாட்டைத்தான் மெதுவாக்கும், பிரேக் போடாது, வேக வரம்பை மீறுவதையும் தடுத்துவிடாது.

சட்டம் இதில் என்ன செய்யலாம்? 2022 மே மாதம் முதல் சிங்கப்பூரில் 110 கிலோவாட்டுக்கு மேற்படாத மின்சாரக் கார்கள் வாகன உரிமைச் சான்றிதழின் ‘ஏ’ பிரிவில் வருகின்றன. அதற்காகவே பலத்தைக் குறைத்துச் சில கார்கள் இங்கே விற்பனைக்கு வந்தன. விலையைப் பார்த்து அதை வாங்கியவரை நிதானமானவர் என்று புகழவேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவர் என்று சொல்லலாம். 2025 நவம்பரில் சீனாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சு கருத்துக் கேட்டு வெளியிட்ட வரைவு விதி நமக்கு இதைவிடச் சிறந்ததாகப்படுகிறது. வண்டியை முடுக்கும் ஒவ்வொரு முறையும், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5 விநாடிக்குக் குறையாத நிலையிலேயே அது இருக்கவேண்டும் என்கிறது அந்த வரைவு. வேகம் வேண்டுவோர் பிறகு தாமே மாற்றிக்கொள்ள வழியுண்டு. வேகத்தைத் தெரிந்து கேட்டு வாங்கவேண்டும். தெரியாமல் வந்து சேரக்கூடாது என்பதே இதன் கருத்து. அப்படி ஒரு விதி அன்று அந்தக் காரில் இருந்திருந்தால், மருமகன் விட்டுப்போன வேகம் நமது காலுக்கு வந்திருக்காது.

கடைசியாக, முதலாளிமாராகிய நமக்கு ஒரு வார்த்தை. நாளை நமது வேன்களும் மின்சாரமாகும். ஓட்டுவோர் நமது சிப்பந்திகள். அமைதி முறையில் ஓட்டு என்று நாமே குமிழைத் திருப்பிக் கொடுப்போம். பத்து நிமிடம் கழித்து, “எங்கே இருக்கிறாய்? வாடிக்கைக்காரர் காத்திருக்கிறார்” என்று மூன்று முறை டெலிபோன் அடித்தால் என்ன பயன்? கையால் வைத்த நிதானத்தை வாயால் எடுத்துவிடுகிறோம். சரக்கு கால்மணி தாமதமானால் வாடிக்கைக்காரரிடம் நாம் ஒரு சொல் பணிந்து பேசலாம். பின்சந்தில் நின்ற பையன் உள்ளே போகாமல் இருந்திருந்தால் யாரிடம் என்ன பேசியிருப்போம்?

சென்ற மாதம் உம்மா மறுபடி அந்தக் காரில் ஏறினார்கள். மருமகன் முதலில் திரையைத் தொட்டார், பிறகே புறப்பட்டார். கேலாங் சிராய் போய்ச் சேருமுன் உம்மா உறங்கிவிட்டார்கள். மருமகன் நம்மைப் பார்த்து, “மாமா, இது வண்டியின் நிதானமா, என்னுடையதா?” என்று சிரித்தார். “உம்மா எழுந்ததும் கேள்” என்றோம்.

வண்டியை முடுக்குமுன் ஒரு கணம் திரையைப் பார்ப்போம். அந்த ஒரு கணமாவது நம்முடையதாக இருக்கட்டும். சிந்திப்போமாக!